சம்பளத்தைச் சொன்னாய், வாடகையைச் சொன்னாயா?

வேலைக்கான கடிதம் கைக்கு வந்ததும் யாராவது ஒருவர் என்னை அழைத்துவிடுகிறார். ஊரின் பெயர், சம்பளத் தொகை, பிறகு அந்த ஒரே கேள்வி: "இதில் அங்கே வசதியாக வாழ முடியுமா?" பதிலுக்கு நான் நாலைந்து கேள்விகள் கேட்டால் குரல் மாறிவிடுகிறது. முடியும், முடியாது என்று சொல்லாமல் இவர் ஏன் விசாரணை நடத்துகிறார் என்ற எரிச்சல். பாதிக் கணக்கைக் கொடுத்துவிட்டு விடையைக் கேட்டால் நான் என்னதான் செய்வது?

கடிதத்தில் இருப்பதை நான் சம்பளமாகவே எடுத்துக்கொள்வதில்லை. வருமான வரி, ஓய்வூதியம், காப்பீடு எல்லாம் பிடித்ததுபோக வங்கிக் கணக்கில் விழுகிற தொகைதான் சம்பளம். மருத்துவமும் பள்ளியும் வரிப்பணத்தில் நடக்கும் நாட்டில் பிடித்தம் அதிகமாக இருக்கும். குறைவாகப் பிடிக்கும் நாட்டில் அந்த இரண்டுக்கும் நாமே தனியாக எடுத்து வைக்க வேண்டியிருக்கும். இதைப் பார்க்காமல் இரண்டு நாட்டுச் சம்பளங்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது வீண் வேலை. சொந்த நாட்டுப் பணத்துக்கு மாற்றிப் பார்த்துப் பூரிப்பதும் அப்படித்தான். நாணய மாற்று விகிதத்தைக் காட்டி எந்த வீட்டுக்காரரிடமும் வாடகையைக் குறைக்க முடியாது. ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு மட்டும் அந்த விகிதம் உதவும்.

வாடகைக்கு வருவோம். "சம்பளத்தில் 30 சதவீதத்துக்குள் வாடகை இருந்தால் கவலையில்லை" என்று வேதவாக்குப் போலச் சொல்கிறார்கள். இந்த 30 எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் அரசுக் குடியிருப்புகளில் வசித்த ஏழைகளிடம் வருமானத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வாடகை வாங்கக் கூடாது என்று 1969இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். 1981இல் அந்த வரம்பை 30 ஆக உயர்த்தினார்கள். மானிய வீட்டுக்கு அரசு போட்ட உச்சவரம்பு அது. வெளிச்சந்தையில் வீடு தேடுகிறவரின் வசதியை யாரும் அளந்து கண்ட எண் அல்ல.

பெரிய சம்பளக்காரர் பாதியை வாடகைக்குக் கொடுத்துவிட்டும் நிம்மதியாக இருப்பார். சின்னச் சம்பளக்காரர் 20 சதவீதம் கொடுத்துவிட்டுத் தடுமாறுவார். சம்பளம் குறைவு என்பதற்காக வயிறு சுருங்குவதில்லையே! குடும்பம் எவ்வளவு ஏழையோ அவ்வளவு பெரிய பங்கு உணவுக்குப் போய்விடுகிறது என்று எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலாளர் 1857இலேயே எழுதிவிட்டார். ஆகவே சதவீதத்தை விட்டுவிட்டு, வாடகை போக மிஞ்சும் தொகையைப் பாருங்கள். அதில் மாதம் ஓட வேண்டும்.

மலிவான வீடு தேடி ஊரின் விளிம்புக்குப் போகலாமே என்று தோன்றும். நானும் போனேன். சம்பளம் உயர்ந்த பூரிப்பில் வேலை மாறியபோது, வாடகையை மிச்சப்படுத்தும் சாமர்த்தியத்தில் அலுவலகத்திலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் குடியேறினேன். போக வர 3 மணி நேரம். மாதத்தில் 22 நாள். அதாவது 66 மணி நேரம். 8 மணி நேர வேலைநாள் என்று பார்த்தால் மாதம் 8 நாள் கூலியில்லாமல் உழைத்திருக்கிறேன். களைத்து வந்து சமைக்க மனமில்லாமல் வெளியில் வாங்கிச் சாப்பிட்டதைக் கணக்கில் சேர்க்க எனக்கு ஓராண்டு ஆனது.

வாழ்க்கைச் செலவை வைத்து நகரங்களை வரிசைப்படுத்தும் பட்டியல்களையும் பலர் அனுப்புகிறார்கள். மெர்சர் என்ற ஆலோசனை நிறுவனத்தின் பட்டியல், ஊழியர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனங்கள் படித்தொகையை நிர்ணயிக்க உதவுவது. நியூயார்க்கை அடிப்படையாக வைத்து 200க்கு மேற்பட்ட பொருள்கள், சேவைகளின் விலையை ஒப்பிடுகிறது. மூன்று பேர் சேர்ந்து ஒரு வீட்டில் தங்கப் போகிற இளைஞர் அதைப் பார்த்து ஏன் நடுங்க வேண்டும்?

அவரிடம் கேட்க வேண்டியது வேறு. இந்தச் சம்பளத்தை நம்பி எத்தனை பேர்? கூட வரும் மனைவிக்கோ கணவருக்கோ அங்கே வேலை செய்ய அனுமதி உண்டா? இருவரும் வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பார்கள், அதற்கு என்ன செலவு? முதல் சம்பளம் வருவதற்கு முன்பே கொடுக்க வேண்டிய முன்பணத்துக்குக் கையில் என்ன இருக்கிறது? ஒரு மாதம் பல்வலியும் பழுதான கணினியும் சேர்ந்து வந்தால் கடன் வாங்காமல் தாங்குமா? தாங்கும் என்றால் அதை நான் வசதி என்பேன். உணவகமும் சுற்றுலாவும் அதற்குப் பிறகு.

போன வாரம் அழைத்த தம்பியிடம், அலுவலகத்திலிருந்து அரை மணி நேரத் தொலைவுக்குள் இருக்கும் வாடகை வீட்டு விளம்பரங்கள் ஐந்தை அனுப்பச் சொன்னேன். இன்னும் ஒன்றுகூட வரவில்லை. வேலையில் சேரும் தேதி முடிவாகிவிட்டது என்ற செய்தி மட்டும் வந்திருக்கிறது.