மயக்கும் பேய்க்கு அழகு எதற்கு?

பேய்க்கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஆளை மயக்கிக் கொல்லும் பேய்களின் கதை. அதிகம் ஏமாற்றம் தருவதும் அதே வகைதான். எழுதுகிறவர்களில் பலர் ஓர் அழகான முகத்தை வரைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், மல்லிகை வாசம், கொலுசுச் சத்தம். எதிரே ஒரு சபலக்காரன். அவள் சிரிக்கிறாள், இவன் பின்னாலேயே போகிறான், விடிந்தால் பிணம். இதில் பயப்பட என்ன இருக்கிறது? அவன் வழிந்தான், செத்தான், நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று வாசகர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடலாம்.

மற்றப் பேய்கள் கதவை உடைத்துக்கொண்டு வரும். இதற்கு மட்டும் நாமே கதவைத் திறந்துவிட வேண்டும். 1897-இல் வந்த டிராகுலா நாவலில் இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள்: வீட்டார் யாராவது ஒருவர் வரச்சொல்லாமல் ரத்தக்காட்டேரியால் முதல் முறை உள்ளே நுழைய முடியாது. பலர் இதைப் பூண்டு, சிலுவை வரிசையில் இன்னொரு சடங்காக எடுத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் மொத்த வகைக்கும் உயிர் அங்கேதான் இருக்கிறது. கூப்பிட்டவர் ஏன் கூப்பிட்டார்? அவருக்கு என்ன குறை, அது பேய்க்கு எப்படித் தெரிந்தது? இதற்குப் பதில் இல்லாத கதையில் பேய் எவ்வளவு அழகாக இருந்தும் பிரயோசனமில்லை.

டிராகுலாவுக்கு 25 வருடம் முன்னால், 1872-இல், ஷெரிடன் லெ ஃபானு எழுதிய 'கார்மிலா' என்ற ரத்தக்காட்டேரிக் கதை இதை எவ்வளவு நேர்த்தியாகச் செய்கிறது பாருங்கள். லாரா என்ற பெண் அப்பாவோடும் ஆயாக்களோடும் ஓர் ஒதுக்குப்புறக் கோட்டையில் வளர்கிறாள். பேச்சுத்துணைக்கு வயதொத்த ஒரு ஜீவன் கிடையாது. அப்பாவின் நண்பரான தளபதி ஒருவர் தன் பொறுப்பில் வளரும் பெண்ணை அழைத்துவருவதாக இருந்தது. லாரா அதற்காகவே வாரக்கணக்கில் காத்திருந்தாள். அந்தப் பெண் இறந்துவிட்டாள் என்று கடிதம் வருகிறது. அந்தச் செய்தி தெரிந்த அதே மாலையில் கோட்டை வாசலில் ஒரு வண்டி கவிழ்கிறது, உள்ளிருந்து கார்மிலா வருகிறாள். வரவேண்டிய தோழியைக் கொன்றதும் அவள்தான் என்பது பின்னால்தான் தெரியவருகிறது. பசியை உண்டாக்கிவிட்டு, சாப்பாடாகவும் தானே வந்து நிற்கிறாள். லாராவுக்கு ஒன்றும் தெரியாமல் இல்லை. ஈர்ப்போடு கூடவே ஏதோ ஓர் அருவருப்பும் இருந்தது என்று அவளே சொல்கிறாள். இருந்தும் விலகவில்லை. தனியாக இருந்து பார்த்தவர்களுக்கு அது புரியும்.

சீனத்தில் பூ சோங்லிங் எழுதிய 'வண்ணம் தீட்டிய தோல்' வேறு மாதிரி. அவர் 1715-இல் இறந்தார், கதைகள் அச்சானது 1766-இல். வாங் என்பவன் விடியற்காலையில் வழியில் தனியாகப் போகும் பெண்ணைப் பார்க்கிறான். துன்பப்பட்டு ஓடிவந்தவள் என்கிறாள். தன் படிப்பறையில் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறான். ஒருநாள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், பச்சை முகமும் ரம்பப் பல்லுமாக ஒரு பிசாசு, படுக்கையில் மனிதத் தோலை விரித்துப்போட்டுத் தூரிகையால் வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறது. முடித்ததும் உதறி மாட்டிக்கொள்கிறது. எல்லோருக்கும் நினைவிருப்பது இந்தக் காட்சி. எனக்கு அதற்கு அப்புறம் வருவதுதான் பெரிது. இதயம் பிடுங்கப்பட்டுக் கிடக்கும் வாங்கை மீட்க அவன் மனைவி ஒரு பைத்தியக்காரப் பிச்சைக்காரனிடம் போய்க் கெஞ்சி, ஊரே பார்க்க அவன் துப்பிய சளியை விழுங்க வேண்டியிருக்கிறது. மயங்கியவன் அவன், அவமானப்பட்டது இவள். இந்த அளவுக்குக் கணக்குப் பார்த்து எழுதியவர்கள் குறைவு.

ஐரோப்பியப் பாதிரிமார்கள் இதைச் சட்டப் பிரச்சினையாகவே ஆக்கிவிட்டார்கள். தூங்கும் பெண்களிடம் வரும் ஆண் பேய் இன்குபஸ், ஆண்களிடம் வரும் பெண் பேய் சக்குபஸ். பேய்க்கு உடல் கிடையாதே, பிள்ளை எப்படிப் பிறக்கும் என்ற சந்தேகத்துக்கு 13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் கொடுத்த விளக்கம்: பெண் உருவில் ஓர் ஆணிடமிருந்து வாங்கியதை, ஆண் உருவில் வேறொரு பெண்ணிடம் கொண்டுசேர்க்கும். 1486-இல் முதலில் அச்சான 'சூனியக்காரிகளின் சம்மட்டி' என்ற நூல் இதையெல்லாம் எடுத்துக்கொண்டு, பெண்ணின் தீராத ஆசைதான் காரணம் என்று முடிவுகட்டியது. அப்புறம் சூனியக்காரி என்று பெண்களை வேட்டையாடிய கொடுமைகள் தெரிந்ததே. மோகினிப் படங்களில் இன்றும் அந்த வாடை அடிக்கிறது. ஆண் தடுமாறினால் அவனைப் பேய் பிடித்தது என்பார்கள், பெண் ஆசைப்பட்டால் அவளே பேய். (நெஞ்சில் ஏறி உட்காரும் பேயில் பெரும்பகுதி தூக்க முடக்கம்தான். கனவு காணும்போது செயலிழந்திருக்கும் தசைகள், விழிப்பு வந்த பிறகும் சற்று நேரம் இளகாமல் இருப்பது. நம் ஊர் அமுக்குவான் பேயும் அதே ஆள்.)

இப்போது இணையத் தொடர்கதைகளில் பேய்க்கே காதலன் வேடம் கொடுக்கிறார்கள். கோபக்காரன், நானூறு வயது, நாயகிக்காக மட்டும் உருகுவான். படிக்கட்டும், நானும் சிலதைப் படிப்பேன். ஆனால் கடிக்காது என்று முதல் அத்தியாயத்திலேயே உத்தரவாதம் கொடுத்துவிட்ட பேயிடம் எனக்கு எப்படிப் பயம் வரும்?

இத்தனையும் சொல்லிவிட்டு நம் பழையனூர் நீலியை விட்டுவிட முடியாது. இந்த வகையில் நான் அறிந்தவற்றுள் மிகக் கெட்டிக்காரப் பேய் அவள்தான், அழகு அவளுக்குத் தேவைப்படவே இல்லை. முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவன் இப்போது வணிகனாகப் பிறந்து திருவாலங்காட்டுப் பக்கம் வருகிறான். அவனிடம் மந்திர வாள் இருக்கிறது, இவள் பேய் என்பதும் தெரியும். அவன் மயங்கவே இல்லை. நீலி அவனை விட்டுவிட்டு ஊரை மயக்குகிறாள். ஒரு கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கைவிட்ட கணவனோடு சேர்த்துவையுங்கள் என்று சபையில் அழுகிறாள். குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. கையில் வாள் இருந்தால் என்னைக் கொன்றுவிடுவார், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். எவ்வளவு நியாயமான கோரிக்கை! சபையில் இருந்த எழுபது வேளாளர்களும் வாளை வாங்கிக்கொண்டு, உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று அவனுக்கு வாக்குக் கொடுத்து, இருவரையும் ஒரே வீட்டில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். காலையில் அவன் செத்துக் கிடக்கிறான். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். சொல்பவரைப் பொறுத்து விவரங்கள் மாறும், ஆனால் கதை பழசு. 7-ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் ஆலங்காட்டுப் பதிகத்திலேயே நட்புக் காட்டி வஞ்சித்து உயிர் கொண்ட ஒருத்தியைக் குறிப்பிடுகிறார்.

அந்தச் சபையில் ஒரு சபலக்காரனும் இல்லை. அழும் பெண்ணுக்கு இரங்கத் தெரிந்தவர்கள், நியாயம் செய்கிறோம் என்று நம்பியவர்கள். நீலி கைவைத்தது அந்த நம்பிக்கையில். நானாக இருந்தாலும் வாளை வாங்கித்தான் வைத்திருப்பேன், நீங்களும்தான். அதனால்தான் 'நான் அவன் இல்லை' என்று சொல்லிக்கொண்டு இந்தக் கதையிலிருந்து எழுந்துபோக முடிவதில்லை. போதாக்குறைக்கு, நீலிக்கு முதலில் நடந்த கொலையும் உண்மை. அவள் கண்ணீரில் எவ்வளவு நடிப்பு, எவ்வளவு பழைய வலி என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

நீலியின் பக்கமிருந்து எழுத இன்று நிறையப் பேர் தயாராக இருப்பார்கள். நான் தேடுவது அந்த எழுபது பேரில் ஒருவர் சொல்லும் கதை, கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போன அந்த ராத்திரியில் தொடங்கி. அப்படி யாராவது எழுதியிருந்தால் கீழே சொல்லுங்கள், வாங்கிப் படிக்கிறேன்.