ஃபைனான்ஸ் வேலை உங்களுக்கு ஒத்துவருமா? கோர்ஸ் கட்டணம் கட்டும் முன் இதைச் செய்து பாருங்கள்

ஃபைனான்ஸ் பக்கம் போகலாமா என்று யாராவது கேட்டால், "கணக்கு நல்லா வருமா?" என்றுதான் உடனே திருப்பிக் கேட்கிறோம். அதைக் கேட்டு ஒரு பயனும் இல்லை. டெரிவேட்டிவ்களுக்கு (பங்கு, வட்டி போன்ற வேறொன்றைப் பொறுத்து மதிப்பு மாறும் ஒப்பந்தங்கள்) விலை போடும் வேலைக்கு உயர்கணிதம் நிஜமாகவே வேண்டும். மற்றபடி இந்தத் துறையின் பெரும்பாலான வேலைகளுக்கு சதவீதமும் கூட்டுவட்டியும் தெரிந்தால் போதும். கணக்கு உதைக்கும்போது உங்களுக்கு அலுப்புத் தட்டுகிறதா, அல்லது அதை விடாமல் துரத்தத் தோன்றுகிறதா? அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு இரண்டு நாள் போதும். பங்குச்சந்தையில் பட்டியலான ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை அதன் இணையதளத்திலிருந்து இறக்குங்கள். வங்கியும் இன்ஷூரன்ஸும் வேண்டாம், அவற்றின் பேலன்ஸ் ஷீட்டே (சொத்தையும் கடனையும் காட்டும் பட்டியல்) வேறு மாதிரி இருக்கும். ஏதாவது பொருள் செய்து விற்கிற கம்பெனியாக இருக்கட்டும். லாப நட்டக் கணக்கு, பேலன்ஸ் ஷீட், கேஷ் ஃப்ளோ (ரொக்கம் வந்து போன கணக்கு) மூன்றையும் மூன்று வருடத்துக்கு எக்செலில் கையால் தட்டுங்கள். மொத்தம் வரும் இடங்களில் எண்ணைத் தட்டாமல் ஃபார்முலா போடுங்கள். பிறகு இரண்டு இடங்களைச் சரிபாருங்கள். சொத்துகளின் மொத்தம், கடன்களும் பங்குதாரர் மூலதனமும் சேர்ந்த தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். கேஷ் ஃப்ளோவின் கடைசி வரி, பேலன்ஸ் ஷீட்டில் உள்ள ரொக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

முதல் தடவை அநேகமாக உதைக்கும். வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை மாற்றித் தட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள்: 5,400-ஐ 4,500 என்று தட்டினால் வித்தியாசம் 900. வித்தியாசத்தில் பாதித் தொகை எங்காவது ஒரு வரியில் கண்ணில் பட்டால், அதைக் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருக்கலாம். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் மைனஸ் என்பதைக் கவனிக்காமல் விட்டால் இப்படித்தான் ஆகும். போன வருட எண்ணைப் பழைய அறிக்கையிலிருந்து எடுப்பது இன்னொரு வழக்கமான தப்பு. புது அறிக்கையில் அதைத் திருத்தி வெளியிட்டிருக்கலாம். ரொக்கம் மட்டும் ஒத்துவரவில்லையா? கேஷ் ஃப்ளோவில் ஓவர்டிராஃப்டை (கணக்கில் இருப்பதற்கு மேல் வங்கியிலிருந்து எடுத்த தொகை) கழித்துக் காட்டியிருக்கலாம், விளக்கக் குறிப்புகளில் தேடுங்கள்.

இந்தத் தேடலின்போது உங்கள் மனசு என்ன சொல்கிறது என்று நேர்மையாகக் கவனியுங்கள். "சின்ன வித்தியாசம்தானே, போகட்டும்" என்று தோன்றினால் அது முக்கியமான தகவல். 2012-ல் ஜேபி மோர்கன் வங்கிக்கு லண்டனில் நடந்த வர்த்தகத்தில் 600 கோடி டாலருக்கு மேல் நட்டம் வந்தது. அங்கே ரிஸ்க்கை அளந்த மாடல், எக்செல் ஷீட்களில் கையால் காப்பி-பேஸ்ட் செய்து ஓட்டப்பட்டது. அதில் ஓரிடத்தில் சராசரியால் வகுக்க வேண்டியதை, கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள். வங்கியின் சொந்த விசாரணை அறிக்கையே இதைச் சொல்கிறது. இரண்டு எண்களின் கூட்டுத்தொகை சராசரியைப் போல இரண்டு மடங்கு, அதனால் ரிஸ்க் குறைவாகத் தெரிந்தது. நட்டத்துக்கு அது மட்டும் காரணமில்லை, ஆனால் ஒரு செல்லுக்குள் இருந்த தப்பு அது.

தட்டி முடித்ததும் இன்னொன்று. தேய்மானம் (இயந்திரங்கள் பழசாவதால் வருடாவருடம் செலவாக எழுதும் தொகை) 100 கூடினால் மூன்று கணக்கிலும் என்ன மாறும்? வரி 25 சதவீதம், வரிக்கணக்கிலும் அதே தேய்மானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரியில் 25 மிச்சமாகும், அதனால் நிகர லாபம் 75 குறையும். தேய்மானத்துக்காக யாருக்கும் பணம் கொடுக்கவில்லை, அதனால் கேஷ் ஃப்ளோவில் அந்த 100-ஐத் திரும்பக் கூட்டுவார்கள், ரொக்கம் 25 கூடும். இயந்திரங்களின் மதிப்பு 100 இறங்கி, ரொக்கம் 25 ஏறி, சொத்து 75 குறையும். எதிர்ப்பக்கம் சேர்ந்திருக்கும் லாபமும் 75 குறையும். லாபம் இறங்கும்போது ரொக்கம் ஏறுகிறதே என்று உங்களுக்குள் ஒரு பொறி தட்டினால், இந்த வேலையின் சுவை உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது.

உதைத்த இடத்தைத் தேடுவது பிடித்தால் ஆடிட், அக்கவுண்ட்ஸ் பக்கம் பாருங்கள். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில் வீட்டுக்குச் சீக்கிரம் போக முடியாது, அதற்குத் தயாராக இருங்கள். எண்களைவிட விளக்கக் குறிப்புகளும் "இவர்கள் கடனைத் திருப்பிக் கட்டுவார்களா" என்ற சந்தேகமும் உங்களை இழுத்தால் கடன் ஆய்வு. பாதித் தகவலை வைத்து முடிவெடுத்துவிட்டு, தப்பானாலும் இரவு தூங்க முடிகிறவர்களுக்கு முதலீட்டு வேலை. எக்செல் சலித்துப்போய், மனிதர்களோடு பேசுவதுதான் பிடிக்கிறது என்றாலும் இடமிருக்கிறது: வாடிக்கையாளர் உறவு, விற்பனை. ஆனால் அங்கே டார்கெட் உண்டு.

சம்பளத்தை மட்டும் பார்த்து வருகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. முதலீட்டு ஆய்வு வேலைக்கான சிஎஃப்ஏ தேர்வு மூன்று நிலைகள், ஒவ்வொன்றுக்கும் சுமார் 300 மணி நேரப் படிப்பு. வாரம் 12 மணி நேரம் என்றால் ஒரு நிலைக்கே 25 வாரம். அந்தக் கட்டணத்தைக் கட்டும் முன் ஆண்டறிக்கைப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். அலுப்பாக இருந்தால், வேறொரு தொழிலில் இருக்கும் கம்பெனியை எடுத்து இன்னொரு தடவை செய்து பாருங்கள். அதுவும் அலுத்தால், கட்டணத்தைக் கட்டாதீர்கள்.