கடைசி மூன்று தொகுதிகள் குறித்து ஒரு திருத்தம்

ராபர்ட் ஜோர்டானின் ‘வீல் ஆஃப் டைம்’ என்னும் பதினான்கு தொகுதி ஆங்கில மிகுபுனைவு நாவல் வரிசையில் கடைசி மூன்று தொகுதிகளும் வேறோர் எழுத்தாளரான பிராண்டன் சாண்டர்சனின் சொந்தக் கற்பனை என்றும், பதினொன்றோடு நிறுத்திவிடலாம் என்றும் மேலே ஒரு நண்பர் எழுதியிருப்பது சரியல்ல. 2007இல் மறைவதற்கு முன்பே ஜோர்டான் விரிவான குறிப்புகளோடு முடிவுக் காட்சியையும் தாமே எழுதி வைத்திருந்தார். அவருடைய மனைவியும் நூலின் எடிட்டருமான ஹாரியட் மெக்டூகல் தேர்ந்தெடுத்த சாண்டர்சன், அவற்றை அடிப்படையாகக் கொண்டே 2009, 2010, 2013 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த தொகுதிகளை எழுதினார். நடை மாறியது உண்மைதான். முக்கியப் பாத்திரங்களில் ஒருவனான மேட் காத்தனின் பேச்சு எனக்கும் முதலில் ஒட்டவில்லை. ஆனால் வேலூரில் நாங்கள் ஐந்து பேர் கைமாற்றிப் படித்ததில் முதுகு பிய்ந்து, செல்லோடேப் ஒட்டிய பதினான்காம் தொகுதியைக் கோட்டை அகழியோரம் அமர்ந்து முடித்த மாலையில், அந்தக் கடைசிப் பக்கங்களில் ஜோர்டானின் குரலையே கேட்டேன். தயவுசெய்து அதைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்.