மாடிக்குச் சூடு வேண்டுமாம்!

(மதுரை கோ.புதூர். சித்திரை மாதம், மாலை நான்கு மணி. மொட்டை மாடியில் பாண்டி கொத்தனார் வெள்ளை கூலிங் பெயிண்ட் அடிக்கிறார். வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற வாத்தியார், கையில் போனும் வெறுங்காலுமாகப் படியேறி வருகிறார்.)

வாத்தியார்: பாண்டி, பிரஷ்ஷைக் கொஞ்சம் கீழே வை. இங்கிலாந்து லீட்ஸிலிருந்து மகன் கேட்கிறான். அங்கே வாங்கின பழைய வீட்டில், மாடி பெட்ரூமுக்கு அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங் போடுவதா, ரேடியேட்டர் மாட்டுவதா?

பாண்டி: உங்க பெட்ரூமுக்குச் சூடு இறங்கக்கூடாதென்று காலையிலிருந்து முட்டி தேய அடிக்கிறேன். தம்பி அங்கே காசு கொடுத்துச் சூடு வாங்குகிறாரா?

வாத்தியார்: ஜனவரியில் சில ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகுமாம். (காலை மாற்றி மாற்றி வைக்கிறார்.)

பாண்டி: ரேடியேட்டர் என்றால் லாரியில் இருப்பதுதானே? அது இன்ஜின் சூட்டைக் குறைக்கிற சாமான் ஆச்சே!

வாத்தியார்: வேலை ஒன்றுதான்டா. உள்ளே ஓடுகிற சுடுதண்ணீரின் சூட்டை வெளியே தள்ளும். லாரியில் அது ரோட்டோடு போகும். அங்கே ரூமுக்குள் வரும்.

பாண்டி: சரி, இன்னொன்று?

வாத்தியார்: தரைக்கு அடியில் வளைத்து வளைத்துக் குழாய். அதில் வெந்நீர் ஓடும்.

பாண்டி: ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, இன்ஜின் மூடி மேல் உட்கார்ந்தே திண்டுக்கல் வரை போயிருக்கிறேன். அதுதானே இது?

வாத்தியார்: அவ்வளவு மோசமில்லை. குழாய்த் தண்ணீர் 35, 40 டிகிரி போதும். பழைய பாய்லர் ரேடியேட்டருக்குத்தான் 60, 70 வேண்டும். தரையை 29 டிகிரிக்கு மேல் விடமாட்டார்கள்.

பாண்டி: 29 டிகிரியா? அதற்கு நம்ம ஊரில் ஜில்லென்ற தரை என்று பேர் சார்! மாடித் தளம் கான்கிரீட்டா?

வாத்தியார்: மரச்சட்டம். மேலே பலகை.

பாண்டி: (பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டு எழுந்து நிற்கிறார்) பலகையில் சூடு எப்படிப் பரவும்?

வாத்தியார்: அலுமினியத் தகடு வைத்து, அதன் பள்ளத்தில் குழாயைப் பதிப்பார்களாம். சூடு கீழே போகாமல் தடுக்க அடியில் இன்சுலேஷன். பலகையைப் பெயர்க்க மனமில்லையென்றால் மேலேயே போடலாம், தரை ரெண்டு சென்டிமீட்டர் ஏறும்.

பாண்டி: அப்போ எல்லாக் கதவையும் அடியில் அறுக்கணும். மாடிப்படியில் கடைசிப் படி மட்டும் உசரமாகிவிடும். முதலில் தடுக்கி விழப்போவது சம்பந்தியம்மாதான்.

வாத்தியார்: (ஒற்றைக்காலில்) அது பரவாயில்லை.

பாண்டி: தரை மேலே என்ன விரிப்பு?

வாத்தியார்: நல்ல கனமான கம்பளம். மருமகளுக்கு ஆசை.

பாண்டி: அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, சட்டிக்கு அடியில் ஜமக்காளத்தை மடித்து வைப்பதா? மிச்ச இடத்தில் கட்டிலும் பீரோவும். தம்பி காசில் பீரோதான் குளிர்காயும். அப்புறம் இந்தத் தரைச்சூடு மெதுவாக வந்து மெதுவாகப் போகும் சங்கதி. நம்ம மாடியே பகலெல்லாம் வாங்கின சூட்டை ராத்திரி ஒரு மணிக்குத்தானே உங்க தலையில் இறக்குகிறது? பத்து மணிக்குப் படுக்கிற ரூமுக்குத் திருகினால் சட்டென்று சூடு வரணும். போர்வைக்குள் போனதும் குறைக்கணும்.

வாத்தியார்: பெட்ரூமுக்கு 18 டிகிரியே போதும் என்கிறார்கள்.

பாண்டி: அப்போ பேச்சே வேண்டாம். பெட்ரூமுக்கு ரேடியேட்டர். தரைக்குழாய் ஆசையைக் கீழ் ஹாலில் தீர்த்துக்கொள்ளட்டும். அங்கேதான் பகலெல்லாம் ஆள் புழங்கும், அந்தச் சூட்டிலும் கொஞ்சம் மேலே ஏறும்.

வாத்தியார்: அங்கத்திய பிளம்பரும் இதையேதான் சொன்னாராம்.

பாண்டி: பிறகு என்னை எதற்குக் கேட்டீங்க?

வாத்தியார்: அவர் அதற்கு பில் போட்டிருக்கிறார். அதுதான்… ஆ! ஐயோ!

(பக்கத்து வெள்ளைத் தரைக்குத் தாவுகிறார். பெயிண்ட் ஈரம். நாலு எட்டு வைத்து, படிக்கட்டு நிழலில் போய் உட்காருகிறார். நாலு எட்டுக்கும் நாலு தடம்.)

பாண்டி: (தடங்களைப் பார்த்தபடி) தம்பிக்குப் போனைப் போடுங்க சார். உங்க அப்பா தரைச்சூட்டை இறங்கிச் சோதித்துப் பார்த்துவிட்டார், ரேடியேட்டரே போடச் சொல்கிறார் என்று நானே சொல்லிவிடுகிறேன்.