அமைதி கிடைத்தால் படித்துவிடுவோமா?

“இந்த இரைச்சலில் ஒரு பக்கம் கூட ஓடவில்லை, ஏற்காட்டில் அறை போட்டுப் படிக்க வேண்டும்” என்று சேலத்துக்காரர்கள் சொல்லாத கோடை கிடையாது. நானும் சொல்லியிருக்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தடியில் நாற்காலி போட்டதும் என்ன நடக்கிறது? புத்தக அட்டையைப் படமெடுத்துப் பதிவிடுகிறோம். அப்புறம் எத்தனை லைக் விழுந்தது என்று பார்க்கிறோம். நாவல் மடியிலேயே கிடக்கிறது.

ஆகவே, இரைச்சல்மேல் பழி போடுவதை நான் ஏற்பதில்லை. அம்மாப்பேட்டையில் என் பெரியப்பா வீட்டு முன்கட்டில் விசைத்தறி ஓடியது. பேச வேண்டுமானால் காதருகே வந்து கத்த வேண்டும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து, நூலகத்தில் எடுத்து வந்த தடித்தடிப் புத்தகங்களைப் படித்து முடித்தவர் அவர். கண் புத்தகத்தில், காது தறியில். இழை அறுந்தாலோ, நாடாவில் ஊடைநூல் தீர்ந்தாலோ எழுந்து போவார். சரிசெய்து தறியை ஓடவிட்டு வந்து, பஞ்சு ஒட்டிய விரலால் விட்ட வரியைத் தொட்டு அங்கிருந்தே தொடர்வார்.

தறியும் அவரை ஓயாமல் கூப்பிட்டதுதான். ஆனால் காரணத்தோடு கூப்பிட்டது. முடிச்சுப் போட்டால் தீர்ந்தது. போனின் கூப்பாட்டுக்கு முடிவே கிடையாது. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கினே பின்னாளில் அதற்காக வருந்தினார். திரையில் ஒரே இடத்தில் கவனம் நிற்கும் நேரத்தைப் பல ஆண்டுகளாக அளந்துவரும் கலிபோர்னியாப் பேராசிரியர் குளோரியா மார்க், 2004இல் சராசரியாக இரண்டரை நிமிடமாக இருந்தது இப்போது 47 விநாடியாகிவிட்டது என்கிறார். 47 விநாடிக்குள் நம் நாவல்களில் கதாநாயகி வாசல் தெளித்துக்கூட முடித்திருக்க மாட்டாள்.

இந்த லட்சணத்தில், “மனம் வைத்தால் முடியும்” என்று உபதேசிப்பவர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது. மனம் வைக்காமலா ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறோம்? போன் அடிக்காதபோதும் கை அங்கேதான் போகிறது. அடுத்த அறையில் வைத்தால், அந்த அறையில் திடீரென்று ஏதாவது வேலை முளைக்கிறது.

சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறோம். அந்த உரிமையில் கேட்கிறேன்: நூலக வாசலில் பையை வாங்கி வைப்பவர்கள், போனையும் வாங்கி வைத்து டோக்கன் கொடுத்தால் என்ன? போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் போனில்தான் பாடம் பார்க்கிறார்கள் என்றால் அவர்களுக்குத் தனி அறை ஒதுக்கலாம். அவசரம் என்பவர்கள் நூலகத்தின் எண்ணை வீட்டில் கொடுத்துவிட்டு வரட்டும்; அழைப்பு வந்தால் நூலகர் வந்து சொல்லட்டும். மாதத்தில் எத்தனை பேருக்கு அப்படி அழைப்பு வருகிறது என்று பார்த்துவிடலாம்.