குளிர்கால வெயிலும் நிற்காத குருவியும்

குளிர்காலம் வந்துவிட்டால் பறவைப் படம் எடுக்கிறவர்களிடம் கேட்கிற முதல் புலம்பல் இதுதான்: "வெளிச்சம் அருமை, ஆனா குருவி ஒரு நொடி நிக்க மாட்டேங்குது." நிற்காதுங்க. நின்றால் அதற்குக் கட்டுப்படியாகாது. இலைகளுக்குள் பூச்சி தேடித் திரிகிற இலைக்கதிர்க்குருவியின் எடை ஏழெட்டு கிராம்தான். ராத்திரி முழுக்க உடம்பைச் சூடாக வைத்திருக்க, பகலில் தின்று சேர்த்த கொழுப்பை விட்டால் அதற்கு வேறு வழி இல்லை. கடுங்குளிர் நாடுகளில் சிறு பறவைகள் ஒரே இரவில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குகூட இழக்கின்றன. பகலோ குட்டை, பூச்சியும் குறைவு, ஆக விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் இலை இலையாகப் புரட்டிக்கொண்டே இருந்தால்தான் பிழைப்பு. அதன் பசி நமக்குக் குறும்பாகத் தெரிகிறது.

பசியைப் புரிந்துகொண்டால் படம் எடுக்கிற முறையே மாறிவிடும். என் கட்சி இதுதான்: பறவையின் பின்னால் ஓடாதீர்கள், வெயில் படுகிற கிளையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். காலையில் எந்தப் பக்கம் முதலில் வெயில் விழுகிறதோ, அங்கேதான் பூச்சிகள் முதலில் சூடேறி அசைய ஆரம்பிக்கும், பின்னாலேயே குருவிகளும் வந்து சேரும். ஈப்பிடிப்பான் வகைகள் இன்னும் வசதி, பறந்துபோய்ப் பூச்சியைக் கவ்விக்கொண்டு பெரும்பாலும் கிளம்பிய கொம்புக்கோ பக்கத்துக் கொம்புக்கோ திரும்பி வரும். அந்தக் கொம்பின் மேல் ஃபோகஸை வைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும். கதிர்க்குருவி அப்படித் திரும்பாது. ஆனால் கொஞ்ச நேரம் கேமராவைக் கீழே இறக்கிவிட்டுப் பாருங்கள், அதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது: தலையைத் தூக்கி மேலே இருக்கிற இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்கும், இறக்கையைச் சட்டென்று ஒரு சொடுக்குச் சொடுக்கும், அப்புறம்தான் தாவும். தலை மேலே திரும்புகிற அந்த அரை நொடிதான் உங்களுக்கானது. பெரிய பறவை என்றால் கிளம்புவதற்கு முன் உடம்பைத் தாழ்த்திக் காலை மடக்கும், பல சமயம் எச்சமும் போடும். எச்சம் விழுந்ததும் பொத்தானில் விரலை வையுங்கள்.

வெளிச்சத்துக்கு வருகிறேன். பூமத்திய ரேகையிலிருந்து விலக விலகக் குளிர்காலச் சூரியன் கீழேயே கிடக்கும். 50 டிகிரி வடக்கு அட்சத்தில் டிசம்பர் 21 நடுப்பகலில்கூட அது அடிவானத்திலிருந்து 16, 17 டிகிரிக்கு மேல் ஏறாது, அங்கே இருப்பவர்களுக்கு நாள் முழுக்கச் சாய்வெயில். ரேகைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, விடிந்த முதல் ஒன்றரை மணி நேரமும் சாயங்காலம் கடைசி ஒரு மணி நேரமும்தான். சாய்வெயிலின் பெரிய லாபம் பொன்னிறம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குக் கண்தான் லாபம். உச்சி வெயிலில் நெற்றியின் நிழல் விழுந்து கண் கரும்பள்ளமாகிவிடும், சாய்வெயிலிலோ பக்கவாட்டில் ஒளி நுழைந்து கண்மணியில் ஒரு பொட்டு மின்னும். அந்தப் பொட்டு இல்லாத பறவை, பாடம் செய்து வைத்த பொம்மை மாதிரிதான் தெரியும்.

ஆனால் இந்த வெளிச்சம் கண்ணுக்குத்தான் பிரமாதம், சென்சாருக்குக் குறைச்சல். இங்கேதான் நிறையப் பேர் படம் புள்ளி புள்ளியாகிவிடும் (அதுதான் நாய்ஸ்) என்று ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறனை, ஏற்றப் பயந்து ஷட்டர் வேகத்தை 1/400 நொடிக்கு இறக்கிவிடுகிறார்கள். தாவுகிற குருவிக்கு 1/1600-ஆவது வேண்டும், பறக்கும்போது 1/2500, 1/3200. ஐஎஸ்ஓ 3200, 6400 போனால் போகட்டும். நாய்ஸைக் குறைக்க இன்றைக்கு மென்பொருள் இருக்கிறது, ஆட்டம் கண்ட படத்தைத் திருத்துகிறேன் என்று உட்கார்ந்தால் அந்த மென்பொருள், பறவையிடம் இல்லாத இறகைத்தான் வரைந்து கொடுக்கும். ஷட்டரையும் அபெர்ச்சரையும் (லென்ஸுக்குள் ஒளி நுழைகிற துளையின் அளவு) நீங்கள் பிடித்துக்கொண்டு ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள், இருண்ட பின்னணியில் வெள்ளைக் கொக்கு வந்தால் மட்டும் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறையுங்கள். நிறத்தைச் சமன் செய்கிற ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் அது சாய்வெயிலின் அந்த மஞ்சளைக் கழுவித் துடைத்துவிடும், ரா (RAW) என்கிற மூலக் கோப்பாக எடுத்தால் பிறகு மீட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று, லென்ஸ்மேல் பழி போடுவதற்கு முன் காற்றைப் பாருங்கள். குளிர்ந்த தரையில் வெயில் ஏறும்போது காற்று அலையடிக்கும், 600 எம்எம் டெலி லென்ஸில் தூரத்துப் பறவையை எடுத்தால் எல்லாப் படமும் குழைந்துதான் வரும். சூடான காருக்குள்ளிருந்து எடுத்த லென்ஸின் முன்னால் மாட்டுகிற ஹூடுக்குள்ளும் இதே கூத்து நடக்கும், கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள்.

பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய நொடியையும் சேர்த்துப் பதிகிற வசதி இப்போது நிறைய கேமராக்களில் வந்துவிட்டது. ஒலிம்பஸ் 2016-லேயே தன் இ-எம்1 மார்க் 2 கேமராவில் கொடுத்தது. ஏமாற்று வேலை என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை, பறவைக்கு அதனால் எந்தத் தொல்லையும் கிடையாதே.

தொல்லை என்றால் அது ஸ்பீக்கர். பதிவு செய்த குரலைப் போட்டுக் குருவியை வெளியே இழுத்துப் படம் எடுக்கிற பழக்கம் எந்தக் காலத்திலும் தப்பு, குளிர்காலத்தில் கூடுதல் தப்பு. எதிரி வந்துவிட்டான் என்று நம்பி அது இரை தேடுவதை விட்டுவிட்டு உங்கள் புதரைச் சுற்றிச் சுற்றி வரும், இருக்கிற குட்டைப் பகலில் அந்த நேரத்தை யார் திருப்பிக் கொடுப்பது? அடையப்போன பறவையைக் கிளப்பிவிடுகிறவர்களும் இதே கணக்குதான். அப்படி எடுத்தது என்று தெரிந்தால், இறகு இறகாக எண்ணுகிற அளவுக்குக் கூர்மையாக இருந்தாலும் நான் லைக் போடுவதில்லை, யாராவது கேட்டால் காரணத்தையும் அங்கேயே எழுதிவிடுகிறேன், கோபப்படுகிறவர்கள் படட்டும்.