ராயபுரம் ஸ்டேஷன் செத்துப்போகவில்லை

வடசென்னை ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றி ஒருவர் எடுத்து, இரண்டு நாளாக எல்லாரும் பகிர்ந்துகொண்டிருக்கிற அந்த வீடியோவை நானும் பார்த்தேன். பேய்ப்பட இசை, கறுப்பு வெள்ளைக் காட்சி, "மனிதர்களே வராத மர்ம ரயில் நிலையம்" என்று தலைப்பு. பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

மனிதர்களே வராத இடமா? அந்த வீடியோவிலேயே பின்னால் ஒரு லோக்கல் வந்து நிற்கிறது. சாப்பாட்டுப் பையோடு ஆட்கள் இறங்கிப் போகிறார்கள். அவர்கள் தலைக்கு மேல்தான் வீடியோ எடுத்தவர் பேய் இசையைப் போட்டிருக்கிறார். அந்த ஆட்கள் எங்கள் தெருக்காரர்கள்.

1856 ஜூன் 28-ஆம் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்த ஸ்டேஷன் இது. ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை பொதுமக்களுக்கு ரயில் ஓடியது. தென்னிந்தியாவில் ஜனங்கள் ஏறிப்போன முதல் ரயில் அது. அப்போது மெட்ராஸுக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல் கரையிலிருந்து தள்ளி நிற்கும், மசூலா என்கிற சின்னப் படகில்தான் ஆளும் சரக்கும் கரைக்கு வரும். சென்ட்ரல் வந்தது 1873-ல். எழும்பூர் 1908-ல். பம்பாயில் முதல் ரயில் கிளம்பிய போரிபந்தர் இன்று இல்லை, அங்கே விக்டோரியா டெர்மினஸ் எழுந்துவிட்டது. ஹவுராவிலும் பழசு போய்ப் புதுசு வந்துவிட்டது. நாட்டிலேயே மிச்சமிருக்கிற மூத்த ஸ்டேஷன் கட்டடம் ராயபுரம்தான். அதில் இன்றைக்கும் லோக்கல் நிற்கிறது. இதைத்தான் மறுபடி மறுபடி சொல்கிறேன்: நிற்கிறது.

எங்கள் ஆயா காசிமேட்டில் மீன் எடுத்து, ராயபுரத்தில் ரயில் ஏறி, பெரம்பூர் பக்கம் தெருத்தெருவாக விற்றவர். அன்னக்கூடையை இறக்கிவைத்தால் ஐஸ் தண்ணீர் பிளாட்பாரத்தில் கோடு போட்டு ஓடும். சும்மாட்டுத் துணியை உதறி, அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வார். சீசன் டிக்கெட் பாலிதீன் கவரில் சுற்றி சுருக்குப்பைக்குள் இருக்கும், பரிசோதகர் கேட்கும் முன்பே எடுத்து நீட்டிவிடுவார். எங்கள் அப்பாவின் பள்ளிக்கூடப் பீஸ் அந்தப் பிளாட்பாரத்தில் இருந்து வந்தது. அதை மர்ம இடம் என்று ஒருவர் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

"கட்டடத்தைப் பாராட்டித்தானே பேசினார்" என்கிறார்கள். தூண்களைப் பாராட்டினார், சரி. அந்தத் தூணுக்குக் கீழே நடக்கிறவர்களைக் கண்டுகொள்ளவில்லையே.

"பராமரிப்பு இல்லாததைச் சொன்னது தப்பா?" தப்பே இல்லை. அதைச் சொல்லட்டும், நானும் கூடச் சேர்ந்து சொல்கிறேன். 2005-ல் சீரமைத்துத் திறந்தார்கள், எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷம். அதற்குமேல் என்ன நடந்தது? ராயபுரத்தை வெளியூர் ரயில்கள் கிளம்பும் முனையமாக்குங்கள் என்று எத்தனை வருடமாகக் கேட்கிறோம்! முனையம் தாம்பரத்துக்குப் போனது. தாம்பரத்துக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களுக்கும் தேவைதான். ஆனால் எங்களிடம் இடம் இருக்கிறது, தண்டவாளம் இருக்கிறது, தென்னிந்தியாவிலேயே முதலில் வந்தவர்கள் என்ற உரிமையும் இருக்கிறது. அப்புறம் ஏன் எல்லாம் எங்களைத் தாண்டியே போகிறது?

ஸ்டேஷனுக்கு மட்டுமா இது? வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலதிகாரி ஒருவர் என் முகவரியைப் பார்த்துவிட்டு, "ராயபுரமா? பார்த்தால் அப்படித் தெரியலையே" என்றார். பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார். அன்றைக்கு வாயைத் திறக்காமல் நின்றேன். வடசென்னை என்றால் ஒன்று பயப்பட வேண்டிய இடம், இல்லையென்றால் பாழடைந்த இடம். வேறு மாதிரி பார்க்கவே மாட்டீர்களா?

"ஒரு வீடியோவுக்கு ஏன் இவ்வளவு உணர்ச்சி" என்று நேற்று நண்பர் கேட்டார். உங்கள் அம்மா உயிரோடு இருக்கும்போது ஒருவர் வந்து மாலை போட்டுப் படம் எடுத்தால் சும்மா இருப்பீர்களா?

அந்த வீடியோ எடுத்தவரோடு பழக்கம் இருக்கிறவர்கள் என் நண்பர்கள் பட்டியலில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். முதலில் அந்தத் தலைப்பை மாற்றச் சொல்லுங்கள். அடுத்த முறை காரில் வராமல், பீச் ஸ்டேஷனில் லோக்கல் ஏறி ராயபுரத்தில் இறங்கச் சொல்லுங்கள். அடுத்த ஸ்டேஷன்தான், ரொம்ப நேரம் ஆகாது.